கண் சாலையில், கை சுவிட்சில்: இருட்டில் தடுமாறாமல் காரோட்ட சில எளிய ஏற்பாடுகள்

இரவு மணி பதினொன்று. பட்டணத்தில் கல்யாண விருந்து முடிந்து ஒரு குடும்பம் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் தெருவிளக்கு கிடையாது. இருபுறமும் செம்பனை மரங்கள்தான். வளைவு ஒன்றில் கார் இரண்டு முறை குலுங்கி நின்றுவிடுகிறது. பின்னால் எந்த நேரமும் லாரி வரலாம். உடனே டபுள் சிக்னல் போட வேண்டும்.

ஓட்டுநரின் கை டாஷ்போர்டில் தேடுகிறது. ஏர்கோன் பட்டன் அகப்படுகிறது, ரேடியோ பட்டன் அகப்படுகிறது. முக்கோணம் போட்ட அந்த ஒரு பட்டன் மட்டும் அகப்படவில்லை. "என்னங்க, போனை எடுத்து லைட் அடிக்கவா?" என்று பக்கத்திலிருந்து மனைவி கேட்கிறார். பகலில் கண்ணுக்கு நேராக இருக்கும் பட்டன்தான். ஐந்து வருடமாக அதே கார்தான். இருந்தும் கை அதை அறிந்திருக்கவில்லை.

இப்படி ஓர் இரவு பலருக்கும் வந்திருக்கும். வராதவர்களுக்கும் வரலாம். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. அரை மணி நேரமும் சில வெள்ளியும் இருந்தால் போதும்.

ஒரு வினாடியில் எத்தனை மீட்டர்?

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடந்துவிடும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 30 மீட்டருக்கும் அதிகம். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரையோ, பனி படிந்த கண்ணாடியைத் தெளிவாக்கும் பட்டனையோ தேடி இரண்டே வினாடி தலையைக் குனிந்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் 50 மீட்டர் போயிருக்கும்.

சாதாரணமாகப் போடும் தாழ்ந்த விளக்கு, அதாவது லோ பீம், சாலையைத் தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர் வரைதான். ஆகவே அந்த இரண்டு வினாடியில், விளக்கு காட்டிய சாலை முழுவதையும் ஓட்டுநர் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார். அந்த இடைவெளியில் விளக்கில்லாத சைக்கிளோ, சாலையில் படுத்திருக்கும் மாடோ இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதிகாலை நான்கு மணிக்கு ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறவர்களும், விடியுமுன் வேலைக்காட்டுக்குக் கிளம்புகிறவர்களும் பாதி உறக்கத்தில் இருட்டில் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு இந்த இரண்டு வினாடி இன்னும் முக்கியம்.

கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண் உடனே பழகிவிடாது. முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பழகிய பிறகு பிரகாசமான வெளிச்சத்தைச் சில நொடி பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். கைப்பேசி விளக்கை அடித்துச் சுவிட்சைத் தேடிவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தால் எல்லாம் கறுப்பாகத் தெரிவது இதனால்தான்.

வயதும் ஒரு காரணம். நாற்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் சிரமப்படும். தூரத்துச் சாலை நன்றாகத் தெரியும், டாஷ்போர்டில் உள்ள சின்னப் படங்கள் கலங்கித் தெரியும். அறுபது வயதில், மங்கிய இடத்தில் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் நிபுணர்கள் சொல்கிறார்கள். மகனுக்குத் தெளிவாகத் தெரியும் பட்டன் அப்பாவுக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை. அது கவனக்குறைவும் அல்ல.

ஆனால் விரலுக்கு இந்தக் குறை இல்லை. வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விரல் நுனிக்கு ஒன்றுதான். கணினித் தட்டச்சுப் பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்துகளின் மேல் சின்ன மேடு இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். பணம் எடுக்கும் இயந்திரத்தில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு புள்ளி இருக்கும். பார்க்காமலேயே கை இடம் பிடிக்க வைத்த ஏற்பாடு அது. அதையே காருக்குள்ளும் செய்யலாம்.

விமானிகளிடமிருந்து வந்த பாடம்

இது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து அடிக்கடி நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கைத் தகடுகளை மடக்குவதற்குப் பதிலாக விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும்.

விமானிகள் களைத்துப்போயிருந்தார்கள் என்று முதலில் நினைத்தார்கள். 1943-இல் அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற உளவியலாளர் விமானி அமரும் இடத்தைப் பார்வையிட்டார். இரண்டு சுவிட்சுகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் சொன்ன வழி மிக எளியது. சக்கரச் சுவிட்சின் முனையில் ரப்பர் சக்கரம் போன்ற ஒரு வடிவத்தையும், இறக்கைத் தகட்டுச் சுவிட்சின் முனையில் ஆப்பு போன்ற ஒரு வடிவத்தையும் பொருத்தினார்கள். கை தொட்டதும் எது எது என்று தெரிந்துவிட்டது. பிழையும் நின்றது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரத்துக்கான நெம்புகோலின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

தவறு செய்தவரைத் திட்டுவதை விட்டுவிட்டு, தவறே நடக்காதபடி சுவிட்சை மாற்றினார்கள். காருக்கும் இதே நியாயம்தான்.

தொடுதிரை வந்த பிறகு

இப்போது வரும் பல கார்களில் பட்டன்கள் குறைந்து, எல்லாம் வழவழப்பான ஒரு திரைக்குள் போய்விட்டன. திரையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. விரல் எதையும் அறிய முடியாது. கண்தான் போக வேண்டும்.

ஸ்வீடனின் வி பிலேகாரே என்ற கார் சஞ்சிகை 2022-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். வெப்பநிலையை மாற்றுவது, வானொலியைப் போடுவது, பயண மீட்டரைப் பூஜ்யமாக்குவது, டாஷ்போர்டு ஒளியைக் குறைப்பது போன்ற சாதாரண வேலைகள். பட்டன்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோவில் 10 வினாடியில் வேலை முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. தொடுதிரைக் கார்களில் மிக மெதுவானதில் 44.6 வினாடி பிடித்தது. கார் கடந்த தூரம் 1,372 மீட்டர்.

கடலிலும் இதே கதை நடந்தது, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. 2017 ஆகஸ்டு 21-ஆம் தேதி விடியுமுன், சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலை நெருங்கிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. பத்து மாலுமிகள் இறந்தனர். சுக்கானும் வேகமும் தொடுதிரையில் இருந்தன. எந்தத் திரையிடம் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதில் மாலுமிகள் குழம்பினர். பயிற்சியும் மேற்பார்வையும் போதவில்லை என்று விசாரணை கூறியது. திரையின் அமைப்பும் பிழைக்கு இடம் கொடுத்தது என்றும் சொன்னது. அதன் பிறகு கையால் பிடித்து நகர்த்தும் நெம்புகோலுக்கே திரும்புவதென அமெரிக்கக் கடற்படை முடிவெடுத்தது.

கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் விதிமுறையை மாற்றியிருக்கிறது. சிக்னல், டபுள் சிக்னல், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனியான சுவிட்சோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பெண் கிடைக்கும்.

முதலில் ஒரு சோதனை

சொந்தக் காரில் செய்ய வேண்டியது என்ன? முதலில் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து "டபுள் சிக்னல்", "முன்கண்ணாடி", "கதவுப் பூட்டு" என்று சொல்லச் சொல்ல, கை நேராக அங்கே போகிறதா என்று பார்க்கலாம். ஒரே முயற்சியில் அகப்படாதவை எவையோ, அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

காரை மற்றவர்களும் ஓட்டுவதானால் அவர்களும் ஒருமுறை இதைச் செய்து பார்ப்பது நல்லது. ஜப்பானிய வகைக் கார்களில் சிக்னல் கம்பி வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். ஐரோப்பிய வகைக் கார்களில் இது தலைகீழ். இரவல் காரை எடுத்துச் சென்று, சிக்னல் போட நினைத்து வைப்பரை ஓடவிடுகிறவர்கள் இதனால்தான் தடுமாறுகிறார்கள்.

எவை முக்கியம்?

எல்லாச் சுவிட்சிலும் அடையாளம் வைத்தால் குழப்பமே மிஞ்சும். அவசரத்தில் தேவைப்படும் நான்கைந்து போதும்.

முதலாவது, டபுள் சிக்னல். இது சாவியை அணைத்திருந்தாலும் வேலை செய்யும். காரில் முதலில் கை பழக வேண்டிய சுவிட்ச் இதுதான்.

இரண்டாவது, முன்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் பட்டன். அடைமழையில் ஆட்கள் நிறைந்த கார் நிமிடத்தில் மங்கிப்போகும்.

மூன்றாவது, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கும் சுவிட்ச். நான்காவது, கதவுப் பூட்டைத் திறக்கும் சுவிட்ச். இந்த இரண்டும் உயிர் காப்பவை. கார் ஆற்றிலோ பெரிய கால்வாயிலோ இறங்கிவிட்டால், வெளித் தண்ணீரின் அழுத்தத்தால் கதவைத் திறக்க முடியாது. மின்சாரக் கண்ணாடி தண்ணீர் பட்டும் சிறிது நேரம் வேலை செய்யும். அந்த முதல் நிமிடத்துக்குள் பெல்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, பிள்ளைகளை வெளியேற்றி, தானும் வெளியேற வேண்டும். அங்கே தேடுவதற்கு நேரம் இருக்காது. பல கார்களில் சாவியை அணைத்துவிட்டால் கண்ணாடி இறங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, கூரை விளக்கு. இது எரிந்தால் மற்றதெல்லாம் தெரியும்.

ஒரு புள்ளி போதும்

மிக மலிவான வழி, தொட்டால் தெரியும் சின்ன மேடு. சமையலறை அலமாரிக் கதவு இடிக்காமலிருக்க ஒட்டும், பசை தடவிய சின்ன ரப்பர்ப் புள்ளிகள் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். நிறமில்லாத புள்ளியாக வாங்கினால் பார்ப்பதற்கும் உறுத்தாது. பார்வையற்றோர் தங்கள் வீட்டு அடுப்பிலும் துணி துவைக்கும் இயந்திரத்திலும் இப்படிப்பட்ட புள்ளிகளைத்தான் ஒட்டிக்கொள்கிறார்கள்.

ஒட்டுமுன் சுவிட்சை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஸ்பிரிட்டைச் சுவிட்சின் மேல் நேராக ஊற்றக்கூடாது. கைப் பிசுக்கும் டாஷ்போர்டுக்குப் பூசும் மெருகும் இருந்தால் பசை பிடிக்காது. ஒட்டிய பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் தொடாமல் விட்டால் நிலைக்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் மலிவான பசை இளகிவிடும். எனவே மாதம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது அவசியம்.

புள்ளி கிடைக்காவிட்டால் நகப்பூச்சும் உதவும். நிறமில்லாத நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பின் அதன் மேல் இன்னொரு சொட்டு என நான்கைந்து முறை வைத்தால் கெட்டியான மேடு கிடைக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சில பிளாஸ்டிக்கை அது கரைக்கும்.

எங்கே எத்தனை புள்ளி என்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். டபுள் சிக்னலுக்கு ஒரு பெரிய புள்ளி, முன்கண்ணாடிப் பட்டனுக்குச் சின்னப் புள்ளி இரண்டு, ஓட்டுநர் கண்ணாடிச் சுவிட்சுக்கு ஒரு சின்னப் புள்ளி, கதவுப் பூட்டுக்கு ஒரு சின்னக் கோடு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் இரண்டிலும் ஒரே முறை இருக்க வேண்டும். தொடுதிரைக் காரில் திரைக்குள் இருப்பதற்குப் புள்ளி ஒட்ட முடியாது. அவற்றைக் கார் புறப்படுமுன்பே சரிசெய்துவிடுவதுதான் வழி.

விளக்கு வேண்டுமென்றால்

பல கார்களில் சுவிட்சுகளுக்குள் ஏற்கெனவே சின்ன விளக்கு உண்டு. அது எரியவில்லை என்றால் உடனே பல்பு கெட்டுவிட்டதென நினைக்க வேண்டாம். டாஷ்போர்டு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கும். யாராவது தெரியாமல் அதை முழுவதும் குறைத்திருக்கலாம்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. சுவிட்ச் விளக்குகள் பெரும்பாலும் கார் விளக்கைப் போட்டால்தான் எரியும். புதிய கார்களில் வேக மீட்டர் எப்போதும் ஒளிர்வதால், முன்விளக்கைப் போடாமலேயே பட்டணத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. சுவிட்சுகள் இருண்டிருந்தால் முதலில் முன்விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய கார்களில் ஏர்கோன் பட்டன்களுக்குப் பின்னால் உள்ள சின்னப் பல்பு கருகிப்போவது சகஜம். கார் வயர்மேன் அதைச் சீக்கிரம் மாற்றித் தருவார். எல்இடி பல்பாக மாற்றினால் சூடு குறையும், நெடுநாள் உழைக்கும். அதற்கு நேர், எதிர் முனை உண்டு. எரியவில்லை என்றால் திருப்பிப் போட்டால் எரியும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். கடைகளில் பளிச்சென்று நீலமும் வெள்ளையுமாக விளக்குப் பட்டைகள் தொங்கும். பார்க்க அழகுதான். ஆனால் நீல ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறும், குறிப்பாக வயதானவர்களுக்கு. பிரகாசமான விளக்கு முன்கண்ணாடியில் பிரதிபலித்து சாலையை மறைக்கும். சிவப்போ மஞ்சள் கலந்த ஆரஞ்சோ மங்கலாக இருந்தால் இருட்டுக்குப் பழகிய கண் கலையாது. சுவிட்ச் இருக்கும் இடம் தெரிந்தால் போதும். அதன் வெளிச்சத்தில் புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர்

ஸ்டிக்கரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வெளிச்சம் பட்டால் பளபளக்கும் பிரதிபலிப்பு ஸ்டிக்கர். காருக்குள் இருட்டில் அதனால் பயனில்லை. மற்றொன்று, வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துப் பச்சை நிறத்தில் தானே ஒளிர்வது. கதவுப் பிடி, பெல்ட் கொக்கி, கூரை விளக்குச் சுவிட்ச் போன்றவற்றுக்கு இது ஏற்றது.

இதற்கும் எல்லை உண்டு. முதல் அரை மணி நேரம் நன்றாக ஒளிர்ந்து, பிறகு படிப்படியாக மங்கும். கார் நாள் முழுவதும் இருண்ட இடத்தில் நின்றிருந்தால் இரவில் ஒளிராது. புறப்படுமுன் கூரை விளக்கைச் சில நிமிடம் எரியவிட்டால் ஓரளவு உயிர் பெறும். ஆகவே முதல் துணை புள்ளி, ஸ்டிக்கர் இரண்டாவதுதான்.

கைவைக்கக் கூடாத இடங்கள்

ஸ்டீரிங்கின் நடுப்பகுதியிலும் ஏர்பேக் இருக்கும் மூடிகளின் மேலும் எதையும் ஒட்டக்கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும்போது ஒட்டிய பொருள் முகத்தில் பாயும். டாஷ்போர்டுக்கு உள்ளே மஞ்சள் நிறத்தில் தெரியும் வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை வெட்டவோ அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கவோ கூடாது. புதிதாக விளக்கு பொருத்துவதானால் பியூஸ் வழியாகவே பொருத்த வேண்டும். வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை ஒருநாள் புகையில் முடியும். சந்தேகம் இருந்தால் வயர்மேனிடம் கொடுப்பதே நல்லது.

பின்னிருக்கையையும் நினையுங்கள்

ஓட்டுநருக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதாது. பின்னிருக்கையில் பாட்டி இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். பெல்ட் கொக்கி இருக்கைக்குள் புதைந்து கிடந்தால் இருட்டில் பெல்ட் போடவே மாட்டார்கள். அவசரத்தில் கழற்றவும் முடியாது. கொக்கியை வெளியே எடுத்துவிட்டு, சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி ஒட்டலாம். கதவைத் திறக்கும் பிடி எங்கே என்று பாட்டியின் கையைப் பிடித்து ஒருமுறை தொட்டுக் காட்டினால் போதும், அவருக்கு நினைவிருக்கும்.

புள்ளிகளை ஒட்டி முடித்ததும் முதல் நாள் செய்த சோதனையை ஒரு வாரம் கழித்து மறுபடி செய்து பார்க்க வேண்டும். கண்ணை மூடியபடி, "டபுள் சிக்னல்" என்று சொன்னதும் விரல் நேராக அந்தப் புள்ளியில் போய் நின்றால் வேலை முடிந்தது. அடுத்த முறை செம்பனைக் காட்டு வளைவில் கார் நின்றாலும், கைப்பேசியைத் தேடுமுன்பே சிக்னல் மின்னத் தொடங்கியிருக்கும்.